நிறத்தைக் கடைசியில் பாருங்கள்: சாலமாண்டர்களை இனங்கண்டு வகைப்படுத்த முழுமையான வழிகாட்டி

விலங்குகளுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநிறுத்திய கார்ல் லின்னேயஸ், ஐரோப்பியக் காடுகளில் வாழும், பல்லியல்லாமல் தவளைகளின் உறவான தீச் சாலமாண்டருக்கு 1758-ஆம் ஆண்டில் லாசெர்டா சாலமாண்ட்ரா என்று பெயரிட்டார். லாசெர்டா என்பது பல்லிகளோடு முதலையையும் அவர் சேர்த்து வைத்திருந்த பேரினம். நீண்ட உடல், நான்கு கால், வால் என்ற புறவடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த முடிவு இயல்பானதே. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், 1726-இல், யோகான் யாக்கோப் ஷாய்க்சர் என்ற சுவிஸ் அறிஞர் ஒரு புதைபடிவத்தை வெளியிட்டு, அது ஊழிவெள்ளத்தில் மாண்ட மனிதனின் எலும்புக்கூடு என்று அறிவித்தார். 1811-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ழார்ழ் குவியே அந்தக் கல்லைச் செதுக்கி, உள்ளே மறைந்திருந்த முன்னங்கால்களை வெளிக்கொணர்ந்து, அது ஒரு மாபெரும் சாலமாண்டர் என்று காட்டினார். லின்னேயஸ் வடிவத்தை நம்பி ஏமாந்தார். ஷாய்க்சர் தம் விருப்பத்தை நம்பி ஏமாந்தார். இன்று புதிதாகக் களத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தை நம்பி ஏமாறுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி உடலமைப்பில் தொடங்கி, வாழ்நிலை, அளவீடு, குடும்பம் ஆகியவற்றைக் கடந்த பிறகு, ஐந்தாம் படியில்தான் நிறத்துக்கு வருகிறது.

முதலில் வகைப்பாட்டின் சட்டகத்தைப் புரிந்துகொள்வது நல்லது. நீர்நில வாழ்வனவற்றில் மூன்று வரிசைகள் உள்ளன: வாலற்ற தவளைகளும் தேரைகளும் ஒன்று, காலற்ற சிசிலியன்கள் ஒன்று, வாலுள்ள சாலமாண்டர்கள் ஒன்று. இந்த மூன்றாம் வரிசையில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. குடும்பங்களின் எண்ணிக்கை ஒன்பதா பத்தா என்பது, டிகாம்ப்டோடான் பேரினத்தைத் தனிக் குடும்பமாகக் கொள்கிறோமா, ஆம்பிஸ்டோமா பேரினத்தின் குடும்பத்தோடு சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்தது. நியூட் என்பது சாலமாண்டருக்கு இணையான வேறொரு பிரிவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நியூட்கள் சாலமாண்ட்ரிடே குடும்பத்தின் ஒரு பகுதியே. எல்லா நியூட்களும் சாலமாண்டர்கள். எல்லாச் சாலமாண்டர்களும் நியூட்கள் அல்ல.

கையில் எடுப்பதற்கு முன்

சாலமாண்டரின் தோல் அதன் சுவாச உறுப்பும்கூட. நுரையீரலே இல்லாத பெருங்குடும்பம் ஒன்று தோலாலும் வாயின் உட்சவ்வாலும் மட்டுமே சுவாசிக்கிறது. உலர்ந்த கையும், கைச்சூடும், கையில் பூசிய பூச்சிவிரட்டியும் அதற்குத் தீங்கு செய்யும். பொடி தூவாத நைட்ரைல் கையுறையை நீரில் நனைத்து அணியுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் புதிய கையுறை வேண்டும். 2013-இல் விவரிக்கப்பட்ட பாட்ராகோகைட்ரியம் சாலமாண்ட்ரிவோரன்ஸ் என்ற பூஞ்சை, நெதர்லாந்தின் தீச் சாலமாண்டர் கூட்டத்தை ஏறக்குறைய அழித்தது. அத்தகைய நோய்களை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து செல்லும் ஊர்தியாக நம் காலணிகளே அமைந்துவிடக்கூடும் என்பதால், இடம் மாறும்போது சேற்றைக் கழுவி, கிருமிநீக்கி இட்டு, உலர்த்திய பிறகே அடுத்த இடத்தில் கால் வைக்க வேண்டும்.

விலங்கை ஒருபோதும் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பல இனங்கள் வாலை உதறிவிடும். சிறிது நீர் விட்ட ஒளிபுகும் பெட்டியிலோ பையிலோ இட்டுப் பார்ப்பதே சிறந்தது, ஏனெனில் திருப்பாமலே அடிவயிற்றையும் காண முடியும். நான்கு ஒளிப்படங்களைத் தவறாமல் எடுங்கள்: மேலிருந்து முழு உடல், தலையின் பக்கவாட்டு, அடிவயிறும் தொண்டையும், விரல்கள் விரிந்த நிலையில் பின்னங்கால். ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைத்து, விலங்கை அதன் ஓரத்தில் விடுங்கள். அது தானாக உள்ளே நுழைந்துகொள்ளும். சில நாடுகளில் தொடுவதற்கே உரிமம் தேவை. பிரிட்டனில் பெருங்கொண்டை நியூட்டைப் பிடிப்பது அப்படிப்பட்டது.

படி 1: இது சாலமாண்டர்தானா?

பல்லிக்குச் செதில் உண்டு, நகம் உண்டு, கண்ணுக்குப் பின்னால் செவித்துளை உண்டு. சாலமாண்டருக்கு இம்மூன்றும் இல்லை. முன்னங்கால் விரல்களை எண்ணினால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனெனில் பல்லிக்குப் பொதுவாக ஐந்து, சாலமாண்டருக்குப் பொதுவாக நான்கு. கிழக்காசியாவின் ஓனிகோடாக்டைலஸ் பேரினத்திற்கு விரல்நுனியில் நகம் போன்ற கருங்கொம்புப் பொருள் உண்டு என்பது விதிவிலக்கு. ஆனால் அதன் ஈரத்தோல் காட்டிக்கொடுத்துவிடும். நீருக்குள் விலாங்கு போல நெளியும் உயிரிக்குச் சின்னஞ்சிறு கால்கள் இருக்கின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள். ஆம்பியூமாவின் கால்கள் உடலோடு ஒப்பிட்டால் நூல்துண்டுகளைப் போலத்தான் இருக்கும்.

தலைப்பிரட்டையா, சாலமாண்டரின் லார்வாவா என்ற ஐயமும் அடிக்கடி எழும். சாலமாண்டர் லார்வாவின் கழுத்தோரம் இறகு போன்ற வெளிச்செவுள்கள் தெரியும். அதற்கு முன்னங்கால்கள் முதலில் முளைக்கும். தலைப்பிரட்டைக்கு நாம் முதலில் காண்பது பின்னங்கால்களையே.

படி 2: எந்த வாழ்நிலையில் இருக்கிறது?

இந்தப் படியைத் தாவிச் செல்வதால் வரும் பிழைகள்தான் மிகுதி. செவுள் இருந்தால் லார்வா, இல்லாவிட்டால் முதிர்ந்தது என்ற எளிய விதி சாலமாண்டர்களிடம் செல்லாது. மெக்சிகோவின் ஆக்சொலாட்டில் செவுளோடே முதிர்ந்து இனப்பெருக்கம் செய்கிறது. 1864-இல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சொலாட்டில்கள் முட்டையிட்டுப் பெருகின. பிறகு அவற்றின் குஞ்சுகளில் சில செவுளை இழந்து, நிலவாழ் ஆம்பிஸ்டோமாவின் உருவத்திற்கு மாறியதைக் கண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் ஓகுஸ்த் துய்மெரில் திகைத்தார். அதுவரை சிரெடான் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த விலங்கு வேறொரு பேரினத்தின் உறுப்பினர் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வாழ்நிலையைத் தவறாகப் படித்தால் பேரினமே தவறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆகவே செவுள் உள்ள விலங்கில் முதிர்ச்சியின் அடையாளங்களைத் தனியே தேட வேண்டும். வாலின் அடியில் உள்ள கழிவுத்துளையின் ஓரங்கள் பருத்திருந்தால், அது இனப்பெருக்க நிலையில் உள்ள ஆணாக இருக்கக்கூடும். வயிற்றுத் தோலின் ஊடே முட்டைகள் தெரிந்தால் பெண். இரண்டும் இல்லாவிட்டால் லார்வா என்றே கொண்டு அடுத்த அடையாளங்களுக்குச் செல்லலாம்.

லார்வாக்களில் இரண்டு உடல்வடிவங்கள் பரவலாகக் காணப்படும். குளத்து லார்வாவுக்கு நீண்டு புதர்போன்ற செவுளும், தோள்வரை ஏறி நிற்கும் உயர்ந்த வால்துடுப்பும் இருக்கும். ஓடை லார்வாவின் செவுள் குட்டையானது. அதன் துடுப்பு பின்னங்கால் அருகிலேயே முடிந்து, உடல் தட்டையாக, நீரோட்டத்திற்கு ஏற்றபடி அமைந்திருக்கும். செவுள் பிளவுகளின் எண்ணிக்கை குடும்பத்தையே சுட்டும்: ஆம்பிஸ்டோமா லார்வாவுக்குப் பக்கத்திற்கு நான்கு, நுரையீரலற்ற பிளெத்தோடான்டிடே லார்வாவுக்குப் பொதுவாக மூன்று, செவுளோடே முதிரும் வட அமெரிக்க நெக்டூரஸுக்கு இரண்டு. நீருள்ள கண்ணாடிக் கலத்தில் பக்கவாட்டிலிருந்து உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் இவற்றை எண்ணிவிட முடியும்.

கிழக்கு வட அமெரிக்காவின் நோட்டோஃப்தால்மஸ் விரிடெசென்ஸ் நியூட் ஒரே வாழ்நாளில் மூன்று வேடம் பூணுகிறது: நீரில் லார்வா, காட்டுத் தரையில் எஃப்ட் எனப்படும் செவ்வாரஞ்சு நிற இளம்பருவம், மறுபடியும் நீரில் ஆலிவ் நிற முதிர்ந்த நியூட். எஃப்ட் நிலையிலேயே அது பல ஆண்டுகளைக் கழிக்கும். ஒரே விலங்கை மூன்று இனங்களாக எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

படி 3: அளந்து எண்ணுங்கள்

மூக்குநுனியிலிருந்து கழிவுத்துளைவரை உள்ள நீளமே நம்பத்தக்க அளவு. மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒடிந்து மீண்டும் வளர்ந்த வால் அந்த எண்ணைப் பொய்யாக்கிவிடும். கழிவுத்துளையின் முன்முனைவரை அளந்தீர்களா, பின்முனைவரையா என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் இரு வழக்கங்களும் நடைமுறையில் உள்ளன.

அடுத்தது விலாப்பள்ளங்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையில், விலா எலும்புகளின் போக்கில், உடலின் பக்கங்களில் செங்குத்தான வரிகள் தெரியும். அக்குளில் தொடங்கித் தொடையிடுக்கு வரை அவற்றை எண்ண வேண்டும். புள்ளிச் சாலமாண்டர் எனப்படும் ஆம்பிஸ்டோமா மாகுலேட்டத்திற்குப் பெரும்பாலும் 12. மெலிந்து நீண்ட பிளெத்தோடான் சினெரியஸுக்குப் பெரும்பாலும் 18 முதல் 20. முன்னங்காலைப் பின்னோக்கியும் பின்னங்காலை முன்னோக்கியும் உடலோடு ஒட்டி நீட்டி, விரல்நுனிகளுக்கு இடையில், பள்ளங்களுக்கு நடுவே உள்ள மடிப்புகள் எத்தனை எஞ்சுகின்றன என்று எண்ணுவது இன்னொரு பயனுள்ள அளவு. உடலோடு ஒப்பிடுகையில் கால் எவ்வளவு நீளம் என்பதை அது ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. இத்தகைய விகிதங்களின் பயனை ஐரோப்பாவின் ட்ரிட்டுரஸ் நியூட்களில் தெளிவாகக் காணலாம். விலா எலும்பு தாங்கும் முதுகெலும்புகள் மார்மொரேட்டஸுக்குப் பொதுவாக 12, கார்னிஃபெக்ஸுக்கு 14, கிரிஸ்டேட்டஸுக்கு 15, டான்யூப் பகுதியின் டோப்ரோஜிகஸுக்கு 16 அல்லது 17. எண்ணிக்கை கூடக்கூட உடல் நீண்டு கால் குறுகுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் வோல்டர்ஸ்டார்ஃப் முன்னங்கால் நீளத்தைக் கால்களுக்கு இடையேயான தொலைவால் வகுத்து நூறால் பெருக்கி உருவாக்கிய குறியீடு, எலும்பைப் பார்க்காமலே இந்த வேறுபாட்டை ஓரளவு பிடித்துவிடுகிறது.

பின்னங்கால் விரல்கள் பொதுவாக ஐந்து. நான்கே இருந்தால் தேடல் உடனே சுருங்கிவிடும்: நான்குவிரல் சாலமாண்டரான ஹெமிடாக்டைலியம், சைபீரியச் சாலமாண்டர், இத்தாலியின் சாலமாண்ட்ரினா, நெக்டூரஸ் ஆகியவை அந்தச் சிறு பட்டியலில் வருபவை. ஹெமிடாக்டைலியத்தின் வால் அடிப்பகுதியில் இறுகியிருக்கும். அடிவயிறு வெண்மையாய்க் கரும்புள்ளிகளோடு இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வழியில்லை.

படி 4: குடும்பத்தைத் தீர்மானியுங்கள்

எளிதானவற்றை முதலில் விலக்குவோம். பின்னங்காலே இல்லாவிட்டால் அது சைரனிடே. விலாங்கு போன்ற உடலில் நான்கு நுண்கால்கள் இருந்து, வெளிச்செவுள் இல்லாவிட்டால் ஆம்பியூமிடே; காலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற விரல் எண்ணிக்கையே அதன் மூன்று இனங்களையும் பிரித்துவிடும். ஆக்சொலாட்டில் போன்ற விதிவிலக்குகளை விட்டால், முதிர்ந்த பிறகும் சிவந்த செவுளோடு இருப்பவை புரோட்டிடே: வட அமெரிக்காவின் நெக்டூரஸும், ஐரோப்பியக் குகைநீரில் வாழும் பார்வையற்ற புரோட்டியஸும். புரோட்டியஸின் முன்னங்காலில் மூன்று விரல், பின்னங்காலில் இரண்டு. தட்டையான பேருடல், பக்கங்களில் தொங்கும் தோல்மடிப்பு, இமையற்ற சிறு கண்கள் ஆகியவை கிரிப்டோபிராங்கிடேயைக் காட்டும். வட அமெரிக்க ஹெல்பெண்டருக்குக் கழுத்தில் செவுள் பிளவு பொதுவாக எஞ்சியிருக்கும். ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய ஆசிய ஆண்ட்ரியாஸுக்கு அது மூடிவிடுகிறது.

இனி வருவதுதான் நேரம் செலவிட வேண்டிய இடம். உருப்பெருக்கியை எடுத்து நாசித்துளையின் கீழே பாருங்கள். அங்கிருந்து மேலுதட்டின் விளிம்புவரை மயிரிழை போன்ற ஒரு பள்ளம் இறங்கினால், அது பிளெத்தோடான்டிடே. தரையிலுள்ள வேதிக் குறிப்புகளை நாசிக்குக் கொண்டுசெல்லும் இந்தப் பள்ளம் அந்தக் குடும்பத்தின் முத்திரை. உலகின் சாலமாண்டர் இனங்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒரேயொரு அடையாளத்தைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதையே கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஈரத்தோல் ஒளியில் மின்னும்போது பள்ளம் தெரியாது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும்.

பள்ளம் இல்லையா? தோல் சொரசொரப்பாய், விலாப்பள்ளம் தெளிவின்றி இருந்தால் அநேகமாகச் சாலமாண்ட்ரிடேயின் நியூட்கள். தோல் வழவழப்பாய், கண்ணுக்குப் பின் பருத்த நச்சுச் சுரப்பிகளும் அவற்றில் துளைகளும் தெரிந்தால் அதே குடும்பத்தின் சாலமாண்ட்ரா போன்ற நிலவாழ் பேரினங்களை எண்ணிப் பார்க்கலாம். அகன்ற தலையும் தெளிவான விலாப்பள்ளமும் பருத்த உடலும் கொண்ட விலங்கு வட அமெரிக்காவில் இருந்தால் ஆம்பிஸ்டோமா, ஆசியாவில் இருந்தால் ஹைனோபிடே. இவ்விரண்டையும் புறத்தோற்றத்தால் பிரிப்பது கடினம். வாயினுள் அண்ணப் பற்களின் அமைப்பும், ஹைனோபிடே இணையாக இடும் முட்டைப் பைகளும் துணைசெய்யும். வட அமெரிக்காவின் வடமேற்குக் குளிரோடைகளில் பெருங்கண்ணுடைய சிறு உடலும், ஆணின் கழிவுத்துளையோரம் சதுர மடிப்புகளும் கண்டால் ரையகோட்ரைட்டன். அதே பகுதியில் பளிங்குக்கல் போன்ற புள்ளிகளோடு தடித்த பேருடல் கண்டால் டிகாம்ப்டோடான்.

படி 5: பேரினமும் இனமும்; நிறத்தின் முறை இப்போதுதான்

குடும்பம் உறுதியான பிறகு நிறம் நல்ல சாட்சி. முன்பே பேசவிட்டால் அது பொய்ச்சாட்சி. காட்டுத் தரையில் சிவப்பாக ஒன்று கண்டால், அது நச்சுள்ள எஃப்ட்டாகவும் இருக்கலாம், அதைப் போலத் தோன்றும் சூடோட்ரைட்டன் ரூபராகவும் இருக்கலாம். எஃப்ட்டின் தோல் உலர்ந்து சொரசொரப்பாக, விலாப்பள்ளமின்றி இருக்கும். சூடோட்ரைட்டனின் தோல் ஈரமாய், விலாப்பள்ளத்தோடு, நாசியடிப் பள்ளமும் கொண்டிருக்கும். பிறகு சூடோட்ரைட்டனுக்குள், கருவிழி வளையம் மஞ்சளாக இருந்தால் ரூபர், பழுப்பாக இருந்தால் மொன்டேனஸ். அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைகளில் செங்கன்னம் கொண்ட பிளெத்தோடான் ஜோர்டானியைப் போலவே கன்னம் சிவந்த டெஸ்மோக்நாதஸ் இமிடேட்டர் வாழ்கிறது. கண்ணிலிருந்து தாடைமுனைவரை சாய்ந்து செல்லும் வெளிர்கோடும், முன்னங்காலைவிடப் பருத்த பின்னங்காலும் டெஸ்மோக்நாதஸைக் காட்டிக்கொடுக்கும்.

பிளெத்தோடான் சினெரியஸ் ஒரே இனத்திற்குள்ளேயே முதுகில் செம்பட்டை உடையதாகவும், பட்டையே இல்லாத ஈயநிறத்ததாகவும் வருகிறது. இரண்டுக்கும் பொதுவானது உப்பும் மிளகும் தூவியது போன்ற அடிவயிறு. முதுகைவிட அடிப்பகுதி உண்மை பேசும் என்பது ஐரோப்பிய நியூட்களிலும் பொருந்தும். லிஸ்ஸோட்ரைட்டன் வல்காரிஸின் தொண்டையில் பொதுவாகப் புள்ளிகள் உண்டு. அதே பேரினத்தின் ஹெல்வெட்டிகஸின் தொண்டை புள்ளியின்றி இளஞ்சிவப்பாக இருக்கும். இனப்பெருக்கப் பருவத்து ஆண்களில் வேறுபாடு இன்னும் தெளிவு: வல்காரிஸுக்கு அலைபோன்ற கொண்டை, ஹெல்வெட்டிகஸுக்கு வால்நுனியில் இழையும் பின்னங்காலில் கருஞ்சவ்வும்.

கலிஃபோர்னியாவின் டாரிக்கா நியூட்களுக்குக் கண்களே திறவுகோல். கீழிமை வெளிறியிருந்து, மேலிருந்து பார்க்கும்போது கண்கள் தலையின் விளிம்பைத் தொட்டால் டொரோசா; கீழிமை கருத்து, கண்கள் விளிம்புக்குள் அடங்கினால் கிரானுலோசா; கண் முழுவதும் கருமையாகத் தெரிந்தால் ரிவுலாரிஸ். இவற்றின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. தொடுவதால் மட்டும் ஆபத்து நேர்வதில்லை என்றாலும், அந்தக் கை வாய்க்கோ கண்ணுக்கோ போகக்கூடாது.

படி 6: இடமும் பருவமும்

பரவல் வரைபடம் வலிமையான சான்று, தீர்ப்பு அன்று. பிளெத்தோடான்டிடே அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவின் ஒரு சிறு பகுதியிலும் மட்டுமே உண்டு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005-இல் கொரியாவிலிருந்து கார்சீனியா கொரியானா விவரிக்கப்பட்டபோது அந்த வரைபடம் மாறியது. வளர்ப்பு விலங்குகள் தப்பி வெளியேறுவதும், தூண்டில் இரையாக லார்வாக்கள் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்படுவதும் வரைபடங்களை மேலும் குழப்புகின்றன. பருவம் எளிமையாக உதவும்: ஆம்பிஸ்டோமா ஒபாகம் இலையுதிர் காலத்தில் வறண்ட குளத்தடியில் முட்டையிடுவதால், வசந்தத்தின் தொடக்கத்தில் மற்ற இனங்கள் முட்டையாக இருக்கும்போதே அதன் லார்வாக்கள் வளர்ந்திருக்கும்.

படி 7: எங்கே நிறுத்துவது

சில விலங்குகளைக் கண்ணால் இனங்காண முடியாது. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் பெண்கள் மட்டுமேயான ஆம்பிஸ்டோமா வழிமரபு, அருகிலுள்ள வேற்றின ஆண்களின் விந்தைக் கொண்டு முட்டை வளர்ச்சியைத் தூண்டிக்கொள்வதோடு, சில வேளைகளில் அந்த மரபணுத்தொகுதியையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. குரோமோசோம் தொகுதிகள் இரண்டு முதல் ஐந்துவரை இருக்கும் அந்த விலங்குகள் அதே பேரினத்தின் லாட்டெராலே போலவோ ஜெஃபர்சோனியானம் போலவோ தோன்றும்; மரபணுச் சோதனையின்றிப் பெயரிட முடியாது. கலிஃபோர்னியாவின் எஸ்ஷ்ஷோல்ட்ஸியில் இன்னொரு வகைச் சிக்கல். என்சட்டினா பேரினத்தைச் சேர்ந்த அந்த விலங்கு மத்தியப் பள்ளத்தாக்கைச் சுற்றி வளையம்போல் பரவியிருக்கிறது. வளையம் நெடுகிலும் அடுத்தடுத்த கூட்டங்கள் கலந்துகொள்கின்றன. தெற்கு முனையில் சந்திக்கும் இரண்டு வடிவங்களோ அரிதாகவே கலக்கின்றன. அதை ஓரினம் என்பதா, பல இனங்கள் என்பதா என்ற விவாதம் வகைப்பாட்டாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. களத்தில் நிற்பவர் அதைத் தீர்க்க வேண்டியதும் இல்லை.

பெயர்களும் நிலையானவை அல்ல. கிழக்கு இமயமலையின் முதலை நியூட் நெடுங்காலம் டைலோட்டோட்ரைட்டன் வெருக்கோசஸ் என்றே அழைக்கப்பட்டது. 2015-இல் ஹிமாலயானஸ் என்ற தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. சீனப் பெருஞ்சாலமாண்டரிலும் பல வழிமரபுகள் ஒளிந்திருப்பது மரபணு ஆய்வில் தெரியவந்து, 2019-இல் ஆண்ட்ரியாஸ் ஸ்லிகோய் என்ற பழைய பெயர் உயிர்ப்பிக்கப்பட்டது. பழைய குறிப்பேட்டில் பெயர் மட்டும் இருந்தால் இத்தகைய மாற்றத்தின் பின் அது பயனற்றுப்போகும். அளவுகளும் படங்களும் இடமும் இருந்தால் புதிய பெயரை யாராலும் பொருத்திவிட முடியும்.

எனவே பதிவை, சான்று நின்ற இடத்திலேயே நிறுத்தி எழுதுங்கள். ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்: “ஆம்பிஸ்டோமா, லார்வா. செவுள் பிளவு பக்கத்திற்கு 4. மூக்குநுனி முதல் கழிவுத்துளையின் பின்முனைவரை 24 மில்லிமீட்டர். பின்னங்கால் விரல் 5. வால்துடுப்பு தோள்வரை. மீனற்ற தற்காலிகக் குளம், ஆழம் 40 சென்டிமீட்டர், நாள், ஆள்கூறு, படங்கள் 4. இனம் தீர்மானிக்கப்படவில்லை.”